தண்ணீர் நிற்கக் கூடாத குளம்

உலகத்தில் எந்த நிறுவனமாவது பரிசோதனையில் தோற்றுப்போக ஆசைப்படுமா? இந்த நிலக்கரிச் சுரங்கம் ஆசைப்பட்டது. அதுவும் கொஞ்சநஞ்ச ஆசை இல்லை. சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி புருஷோத்தமன் காலையிலேயே ஜீப்பைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு, தன் குளங்களின் லட்சணக்கேட்டை அரசுப் பரிசோதகருக்குக் காட்டுவதற்காகக் காத்திருந்தார்.

"இதப் பாருங்க மேடம், இந்த வெடிப்புல என் கை முழுசும் போகுது" என்று சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, கரையின் பிளவுக்குள் முழங்கை வரை விட்டுக் காட்டினார். சம்பந்தி வீட்டாரிடம் நகைப்பெட்டியைத் திறந்து காட்டுகிறவரின் பெருமை அவர் முகத்தில் இருந்தது.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். துறையில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெடிப்பின் மேல் ஈர மண்ணைப் பூசி மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். பரிசோதனைக்கு முதல் நாள் வேரோடு பெயர்த்த புல்லை வாங்கிவந்து கரையில் ஒட்டவைத்தவர்களையும் பார்த்திருக்கிறாள். வெடிப்பைத் தேடித் தேடிக் காட்டுகிறவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்த மாவட்டம் அவளுக்குப் புதிது. முன்பிருந்த பரிசோதகர் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் இவள் தலையில் வந்து விழுந்திருந்தது.

சுரங்கத்தில் தோண்டி எடுத்த மண் மலைபோலக் குவிந்துகிடந்தது. மழை பெய்தால் அந்த மண் கரைந்து ஓடி வரும். அதைச் சுற்றுக்கால்வாய் வழியாகக் கொண்டுவந்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வெட்டிய மூன்று வண்டல் குளங்களில் விடுவார்கள். சேறு அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் கடைசிக் குளத்தைத் தாண்டி ஓடைக்குப் போகும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசிக் குளத்தின் கரைக்கு அடியிலேயே ஆலடிக்குறிச்சியின் கீழத்தெரு இருந்தது. கரை உடைந்தால் அறுபது வீடும் சேற்றுக்குள் போய்விடும்.

இப்போதைக்கு அந்தப் பயம் இல்லை. மூன்று வருஷமாக அங்கே ஒரு சொட்டு மழை விழவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுரங்கத்தின் நாலு மூலையிலும் நாலு கோபுரங்கள் நின்றன. அவற்றின் ரீங்காரம் காதில் கேட்டதைவிடப் பல்லில் அதிகமாக உணரப்பட்டது. ஐப்பசி மாதம். கிழக்கே கடல் பக்கமிருந்து கருமேகம் திரண்டு வந்தது. கடன்காரன் நிற்கிற தெருமுனையைப் பார்த்தவன்போல, கிட்டத்தில் வந்ததும் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கிப் போயிற்று. காற்றில் மின்னூட்டம் ஏற்றி மேகத்தைத் தள்ளிவிடும் அந்த இயந்திரத்துக்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் அதைக் குடை என்றார்கள்.

"குடை சுரங்கத்துக்கு மேல மட்டும்தான் நிக்குதா?" என்று கேட்டாள்.

"அது எப்படி மேடம் அளவா நிக்கும்? சுத்தி ஒரு பதிமூணு ஊர் உள்ள வரும்." புருஷோத்தமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாததா? எங்கயோ புயல் மழையில குளம் உடைஞ்சு ஒரு ஊரே போச்சு. அதுக்கப்புறம்தான், குளம் சரியில்லாத சுரங்கத்து மேல மழையே விழக் கூடாதுன்னு கொண்டுவந்தாங்க. 'தகுதியில்லை'ன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க துறை எழுதிக் குடுத்தா, குடை ஓடலாம்."

"குளத்தச் சரி பண்ணிட்டா?"

"குடைய நிறுத்தணும்."

"அதனாலதான் சரி பண்ணலையா?"

அவர் மென்று விழுங்கினார். "பண்ணிக்கிட்டுதான் இருக்கோம். மண்ணு சரியா அமைய மாட்டேங்குது."

"மூணு வருஷமாவா?"

புருஷோத்தமன் அடுத்த வெடிப்பைக் காட்டக் குனிந்தார். மழை இல்லாத சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க வேண்டாம், நிலக்கரி நனையாது, வேலை ஒரு நாளும் நிற்காது என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வரும் வழியில் பார்த்த ஊர்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. காய்ந்த முந்திரித் தோப்புகள், லாரித் தண்ணீருக்கு வரிசையில் வைத்த குடங்கள். எந்தப் பாவியோ நல்ல எண்ணத்தில் எழுதிய சட்டம், இப்படித் தலைகீழாய் நின்று ஊரைக் கொல்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் வயிற்றெரிச்சலை எழுத அறிக்கையில் இடம் கிடையாது. முதல் இரண்டு குளங்களும் நிஜமாகவே மோசம். அவள் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள். அலுவலகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல்' என்று பெயர்.

"சாயங்காலம் ஆறு மணியோட பழைய அனுமதி முடியுது மேடம். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா..." என்று புருஷோத்தமன் இழுத்தார்.

"மூணாவதையும் பாத்துடறேன்" என்று அவள் நடக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது குளத்தின் கரைமேல் ஏறியதும் புருஷோத்தமனின் முகம் செத்துப்போயிற்று.

கரையில் ஒரு வெடிப்பு இல்லை. களிமண் இட்டு, தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்து, பாய் விரித்ததுபோல் சமமாக்கியிருந்தார்கள். எலி வளைகளைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். குளத்துக்குள் பழைய சேறு முழுக்க வாரப்பட்டு வெளியே குவிந்துகிடந்தது. மறுகரையில் மண்வெட்டியும் மண் சுமக்கும் பாண்டுமாக ஒரு நாற்பது பேர் நின்றார்கள். திருடப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்களின் முழியும், வேலையை முடித்தவர்களின் திமிரும் அவர்களிடம் ஒன்றாகக் கலந்திருந்தன.

முன்னால் வந்தவள் கொளஞ்சியம்மா. ஆலடிக்குறிச்சி ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவி. ஏரியும் இல்லை, பாசனமும் இல்லை, சங்கம் மட்டும் மிச்சம்.

"கும்புடறங்கம்மா" என்றாள். "நாங்கதான் செஞ்சம். குடிமராமத்து. எங்க பாட்டன் காலத்துலேருந்து ஏரிக்கு வீட்டுக்கு ஒரு ஆளு வந்து செய்யறதுதான். இப்ப ஏரி காஞ்சி கெடக்குது. சரி, இவங்க கொளத்தயாவது செய்வம்னு வந்தம். கொளம் நல்லா இருந்தா கொடைய நிறுத்தணுமாமே?"

"இது அத்துமீறல்!" என்று புருஷோத்தமன் கத்தினார். "யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"காஞ்ச கொளத்துக்குக் காவலா போட்டு வச்சிருக்கீங்க, கேட்டுக்கிட்டு வர்றதுக்கு? ஒங்க வேலையத்தான்யா சும்மா செஞ்சி குடுத்திருக்கறம். நோவுதா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஜெசிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கரையின் நீளம் முழுக்க நடந்து கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தாள். கம்பி இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. இவ்வளவு நல்ல கரையை அவள் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. மேலே உள்ள குளங்கள் இரண்டும் ஒரேயடியாக உடைந்து வந்தால்கூட இது தாங்கும். எழுதிவிடலாம், கடைசிக் குளம் தகுதி என்றால் மொத்தமும் தகுதிதான்.

அப்போதுதான் கலங்கலைப் பார்த்தாள். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையில் விட்டிருக்கும் தாழ்வான இடம் அது. அங்கே மணல் மூட்டைகளை இடுப்பளவுக்கு அடுக்கி, இடுக்கில் களிமண் வைத்துப் பூசியிருந்தார்கள். குளத்தின் அடியில் இருந்த மதகையும் பார்த்தாள். அதன் வாயில் பந்துபோலக் களிமண் உருட்டி அடைத்திருந்தது.

கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"கலங்கல யாரு ஒசத்தினது?"

"நாந்தான் சொன்னன்" என்றாள் கொளஞ்சியம்மா, பாராட்டை எதிர்பார்த்து. "அவனுவொ ரொம்பத் தாழ வச்சிருந்தானுவொ. வர்ற தண்ணி பூரா வழிஞ்சி பூடும். இப்ப பாருங்க, ரெண்டு ஆளு மட்டத்துக்கு நிக்கும்."

"அக்கா, இது ஏரி இல்ல."

"என்னாங்கறீங்க?"

"ஏரி நெறஞ்சி நிக்கணும். இது காலியா நிக்கணும். மேலேருந்து சேறு திடீர்னு வரும்போது வாங்கிக்க எடம் வேணும். அதுக்குத்தான் அடியில மதகு, வந்த தண்ணி மெதுவா போயிக்கிட்டே இருக்கணும். நீங்க ரெண்டையும் அடச்சிட்டீங்க. பெரிய மழை வந்தா குளம் ரொம்பி, போக வழியில்லாம கரை மேலயே ஏறி வழியும். கரை மேல வழிஞ்சா எவ்வளவு நல்ல கரையும் அறுத்துக்கிட்டுப் போயிடும். கீழ யாரு வீடு?"

கொளஞ்சியம்மா திரும்பிக் கீழே பார்த்தாள். அவள் வீடுதான் முதலாவது.

தண்ணீரைத் தேக்கத் தெரிந்த ஊர் அது. விடத் தெரியாது. நாலு தலைமுறையாக அவர்கள் கை அடைத்துப் பழகிய கை. அறிவில்லாமல் செய்த தப்பாக இருந்தால் திட்டியிருக்கலாம். பாடுபட்டு, பார்த்துப் பார்த்துச் செய்த தப்பை என்ன சொல்லித் திட்டுவது?

புருஷோத்தமனுக்கு உயிர் வந்துவிட்டது. "அப்ப தகுதியில்லைதானே மேடம்? நீங்களே சொல்லிட்டீங்க!" என்று கையடக்கக் கணினியை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் அதில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இருங்கம்மா, இருங்கம்மா" என்று கொளஞ்சியம்மா பதறினாள். "அந்த மூட்டையத்தான எடுக்கணும்? ஒரு மணி நேரத்துல எடுத்துப்புடறம். டேய், எறங்குங்கடா!"

"யாரும் கை வைக்கக் கூடாது!" புருஷோத்தமன் போனில் யாரையோ அழைத்தார். இரண்டே நிமிஷத்தில் சுரங்கக் காவலர்கள் ஒரு வண்டி நிறைய வந்து கலங்கலைச் சுற்றி நின்றார்கள். "இது கம்பெனி சொத்து. பரிசோதனை நடக்கும்போது வெளியாள் தொட்டா கேஸு."

"அப்ப உங்க ஆளுங்கள விட்டு எடுங்க" என்றாள் ஜெசிந்தா.

"எடுப்போம் மேடம். அடுத்த ஆறு மாசத்துக்குள்ள."

கொளஞ்சியம்மா ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது காய்ப்பேறிய கை. "தாயி, நல்லா இருக்குதுன்னு எழுதிப்புடு. அப்பறமா எடுத்துக்கறம். எம் மவ புள்ளத்தாச்சி. ஒரு கொடம் தண்ணிக்கி ரெண்டு மைல் போறா. ஒன் வாயால ஒரு வார்த்த தாயி."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதலாம்தான். எழுதிய பிறகு இவர்களை உள்ளே விடுவார்களா? விடமாட்டார்கள். மூட்டையும் அங்கேயே கிடக்கும், மழையும் வந்துவிடும், கீழத்தெரு போய்விடும். தகுதியில்லை என்று எழுதினால் இந்த ஊர் இன்னும் ஆறு மாதம் காயும். உண்மையை எழுதினாலும் பாவம், பொய்யை எழுதினாலும் பாவம். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ரீங்காரம் பல்லைக் கூசவைத்தது. கிழக்கே மேகம் மறுபடியும் வந்து மறுபடியும் ஒதுங்கியது.

"மேடம், நேரமாகுது" என்று புருஷோத்தமன் பின்னாலேயே வந்தார். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கையெழுத்துப் போட வேணாம். கெடு தாண்டிட்டா கம்பெனியே சொந்தமா எழுதிக்கலாம்னு விதி இருக்கு. ஒங்க பேர்ல பழி வராது."

அவள் நின்றாள். அந்த விதி அவளுக்கும் தெரியும். அதற்கு அடுத்த விதியும் தெரியும். புருஷோத்தமன் நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான் அதை ஞாபகப்படுத்திவிட்டது.

கணினியை வாங்கி, கையெழுத்துப் போடாமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். துறை கொடுத்த அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக் கலங்கலில் இறங்கினாள்.

"மேடம்! மேடம், வேணாம்! கை வைக்காதீங்க!" புருஷோத்தமன் அலறிய அலறலில் காவலர்களே திடுக்கிட்டார்கள்.

முதல் மூட்டையை அவள் வெட்டிக் கிழித்தாள். மணல் சரிந்தது.

"என்னாச்சி? ஏன் இந்தாளு இப்பிடிக் குதிக்கறாரு?" என்று கொளஞ்சியம்மா கேட்டாள்.

"பரிசோதகர் தன் கையாலே வேலை செஞ்சா, பரிசோதனையே செல்லாது அக்கா. நான் வந்ததே இல்லன்னு ஆயிடும். பரிசோதனை ரத்தானா கம்பெனியும் சொந்தமா எழுதிக்க முடியாது, புதுசா ஒருத்தர் வரணும்." அவள் மூச்சு வாங்கினாள். "அவர் வர்ற வரைக்கும் குடைக்கு அனுமதி இல்ல. ஆறு மணிக்கு நிறுத்தியாகணும்."

"ஒங்க வேல?"

"போகும்."

கொளஞ்சியம்மா புடவையை வரிந்து கட்டினாள். தானும் குதித்து இறங்கினாள். காவலர் ஒருவர் தடுக்க வந்தபோது ஜெசிந்தா நிமிர்ந்தாள். "உத்தரவு வர்ற வரைக்கும் நான் அரசு ஊழியர்தான். எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வச்சிக்க உரிமை இருக்கு. இவங்க எல்லாரும் என் ஆளுங்க." காவலர் புருஷோத்தமனைப் பார்த்தார். புருஷோத்தமன் கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது பேரும் இறங்கினார்கள்.

ஆறு மணிக்கு ரீங்காரம் நின்றது.

மூன்று வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம் நின்றதும் ஊர் நாய்கள் பயந்துபோய்க் குரைத்தன. கீழத்தெருவில் ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று ஜெசிந்தா ஒற்றைக்காலில் நின்று, கரையில் இருந்த நாற்பது பேர் தவிர அத்தனை பேரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். கிழக்கே மேகம் வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது, இந்த முறை ஒதுங்கவில்லை. முதல் துளி விழுந்தபோது யாரும் கூச்சல் போடவில்லை. உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் வானம் கொட்டிற்று, பெரியவர் சின்னவர் இல்லாமல் எல்லோரும் அழுதார்கள். ஜெசிந்தாவும் அழுதாள்.

கால்வாயில் செந்நீர் புரண்டு வந்தது. கடைசிக் குளத்தில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. அவள் மதகைப் பார்த்தாள். தண்ணீர் வெளியே போகவில்லை.

"அக்கா, மதகுல இருந்த களிமண்ண எடுக்கச் சொன்னேனே?"

கொளஞ்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எடுக்கலாம்னுதான் போனன். கை வரல."

"மேல ரெண்டு குளமும் வெடிச்சிக் கெடக்கு. எப்ப வேணாலும் வரும்."

"தெரியிது தாயி. மூணு வருசங் கழிச்சி வந்த தண்ணி. செத்த நேரம் பாத்துக்கிட்டாவது இருக்கறமே."

நாற்பது பேரும் அந்தச் சேற்றுத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசிந்தா அவளை அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து, கொளஞ்சியம்மா தானே தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பு வரை போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். களிமண் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தபோது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மதகு கடகடவென்று குடித்தது. அவள் கண்ணெதிரே தண்ணீர் ஊரைத் தாண்டி ஓடைக்குப் போயிற்று.

குளம் பாதிக்குமேல் வற்றியிருந்தபோது மேலே முதல் குளம் உடைந்தது. லாரி மண்ணைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். தொடர்ந்து இரண்டாவதும் உடைந்தது. சேறும் தண்ணீரும் ஒன்றாகப் பாய்ந்து கடைசிக் குளத்தில் விழுந்தன. மட்டம் சரசரவென்று ஏறியது. கரைக்கு இரண்டு முழம் கீழே, கலங்கலைத் தொட்டு, அதன் வழியாக வழிந்து ஓடிற்று. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை. கரை அசையவில்லை. கீழத்தெருவில் அறுபது வீடும் நனைந்துகொண்டு அப்படியே நின்றன.

ஜெசிந்தா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கைப்பையில் போன் ஒலித்தது. புருஷோத்தமன்.

"மேடம், உங்க மேல சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துருக்கு. மன்னிச்சிக்கோங்க, நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆக வேண்டியிருந்துச்சு."

"சரி சார்."

"மேல ரெண்டு குளமும் போச்சாம். மெட்ராஸ்லேருந்து புது பரிசோதகர் கிளம்பிட்டார். உடைஞ்ச குளத்தப் பாத்தா அவரு என்ன எழுதுவாருன்னு..." அவர் முடிக்கவில்லை.

முடிக்க வேண்டியதில்லை. மேல் இரண்டும் போய், கடைசிக் குளமும் சேற்றால் நிறைந்துவிட்ட பிறகு தகுதியில்லை என்றுதான் எழுதுவார். காலையிலேயே குடை விரிந்துவிடும். மூன்று வருஷத்துக்கு இந்த ஒரு சாயங்கால மழை, அதையும் தன் கையாலேயே திறந்துவிடச் சொல்லியாகிவிட்டது.

"விடியும்போதே வந்துடறேன்னாரு மேடம்" என்றார் புருஷோத்தமன். குரல் திடீரென்று தாழ்ந்தது. "நான்தான், மழையில சுரங்க ரோடு முழுக்க வழுக்குது, மத்தியானத்துக்கு முன்னாடி வண்டி ஏறாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். காவலுக்கு இருந்த பசங்களையும் மழைன்னு ஷெட்டுக்கு அனுப்பிட்டேன். தகவலுக்குச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டார்.

ஜெசிந்தா எழுந்து, அவர் சொன்னதை அப்படியே எல்லோரிடமும் சொன்னாள். கூட்டம் கேட்டது. கொளஞ்சியம்மா ஈரப் புடவையைப் பிழிந்தபடி, "மத்தியானத்துக்கா வர்றாரு?" என்றாள். பக்கத்தில் நின்றவனை மற்ற பன்னிரண்டு ஊருக்கும் ஆள் அனுப்பச் சொன்னாள். கலங்கலிலிருந்து எடுத்த மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு சனங்கள் மேலே ஏறத் தொடங்கினார்கள். மழை நிற்கவில்லை.

உடைந்த முதல் குளத்தின் முன்னால் போய் எல்லோரும் நின்றார்கள். ஒருத்தரும் மண்வெட்டியை ஓங்கவில்லை.

"இப்ப நீ இன்ஸ்பெக்டரு இல்லல்ல தாயி?" என்று கொளஞ்சியம்மா கேட்டாள்.

"இல்ல."

"அப்பன்னா வாயத் தொறந்து சொல்லு. இத எப்பிடிக் கட்டணும், தண்ணி நிக்கற மாதிரியா, போற மாதிரியா?"